சாய்ந்த மரத்தைப் பாதுகாப்பாக வீழ்த்துதல்

2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் மாலையில், ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையைச் சூறாவளி ஒன்று கடந்தது. அதன் பெயர் வமேய். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் சூறாவளி உருவாகாது என்பதே அதுவரை இருந்த பொதுவான கருத்து. வமேயோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே உருவாகி அக்கருத்தை மாற்றிவிட்டது. அன்று பெருமழை கொட்டியது, ஆறுகள் கரைபுரண்டன. குனோங் பூலாய் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் ஐவர் உயிரிழந்தனர்.

வமேய் போன்ற சூறாவளி இந்த வட்டாரத்தில் நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே தோன்றக்கூடும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆனால், பலத்த காற்று ஜொகூர் மக்களுக்குப் புதியதன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங், கோத்தா திங்கி போன்ற கிழக்குப் பகுதிகளை நனைக்கிறது. மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் ‘சுமத்ரா’ காற்று மூவார், பத்து பகாட், பொந்தியான் ஆகிய மேற்குக் கரை ஊர்களை உலுக்குகிறது. பருவக்காற்று மாறும் காலத்தில் பிற்பகல் வேளையில் இடியும் மின்னலும் சூழ மழை பெய்கிறது.

இத்தகைய மழைக்குப் பின் சாலையோரங்களிலும் வீட்டு வளாகங்களிலும் மரங்கள் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். முழுமையாக விழுந்த மரத்தைப் பார்த்ததும் மக்கள் அஞ்சுகின்றனர். உண்மையில், விழாமல் பாதியில் நிற்கும் மரமே அதைவிட ஆபத்தானது. விழுந்த மரம் தன் வேகத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. சாய்ந்து நிற்கும் மரமோ எந்தப் பக்கம், எந்த நொடியில் விழும் என்பதைச் சொல்ல முடியாது. அத்தகைய மரத்தைப் பாதுகாப்பாக வீழ்த்துவது, உடல் வலிமையைவிட அறிவையும் பொறுமையையும் கூடுதலாக வேண்டும் பணியாகும்.

மரம் ஏன் நிலை தடுமாறுகிறது?

ஒரு மரத்தை நிற்க வைப்பவை இரண்டு: மண்ணைப் பற்றியுள்ள வேர்கள், எடையைத் தாங்கும் அடிமரம். இவ்விரண்டில் ஒன்று பழுதானாலும் மரம் நிலை தடுமாறும்.

பல நாள் மழையில் ஊறிய மண் இளகிவிடுகிறது. அப்போது வேரின் பிடிப்பு தளர்கிறது. அதே வேளையில் இலைகளில் தங்கிய நீர் மரத்தின் மேற்பகுதிக்குக் கூடுதல் எடையைத் தருகிறது. மேலே எடை கூடி, கீழே பிடிப்புக் குறைந்த நிலையில் காற்று வீசினால், மரம் வேரோடு சாய்கிறது. மழைக்காலத்தில் மிதமான காற்றுக்கே பெரிய மரங்கள் விழுவதற்குக் காரணம் இதுதான்.

மனிதர்களும் மரத்தைப் பலவீனப்படுத்துகின்றனர். சாலையை அகலப்படுத்தவும் கால்வாய் அமைக்கவும் குழாய் பதிக்கவும் மண்ணைத் தோண்டும்போது பக்கவேர்கள் அறுபடுகின்றன. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசினால் வேருக்குக் காற்றும் நீரும் போதிய அளவு கிடைப்பதில்லை. வேர் அறுபட்ட மரம் உடனே விழுவதில்லை. இலைகள் பசுமையாகவே இருக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒரு புயலில்தான் அந்தப் பழைய காயம் வெளிப்படும்.

நோயும் மற்றொரு காரணம். தோட்டப்புறங்களில் ரப்பர் மரங்களைத் தாக்கும் வெள்ளை வேர் நோய் இதற்குத் தக்க சான்று. இந்நோயை உண்டாக்கும் பூஞ்சை, வெட்டப்பட்ட பழைய மரத்தின் அடிக்கட்டையில் தங்கி, வேரோடு வேர் உரசும் இடத்தில் அடுத்த மரத்திற்குத் தாவுகிறது. மேலே இலை மஞ்சளாகும் வேளையில், கீழே வேர் அழுகி முடிந்திருக்கும். ரப்பர் மரத்திற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதன் கிளைகள் நெருக்கமாகக் கவைத்துப் பிரியும்போது, பலத்த காற்றில் அந்தக் கவை பிளந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள், காற்று மழை நாளில் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்ததில் பொருள் இருக்கிறது.

மரம் காட்டும் அறிகுறிகள்

மரம் பேசாது, ஆனால், தன் நிலையைப் பல அறிகுறிகளால் காட்டும். அடிமரத்தின் ஒரு பக்கத்தில் மண் மேடாகப் புடைத்து, மறுபக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தால் வேர்த்தட்டு அசைந்துவிட்டது என்று பொருள். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற மரம் இன்று சாய்ந்திருந்தால், அது நெடுங்காலமாகச் சாய்ந்து வளர்ந்த மரத்தைவிட மிகவும் ஆபத்தானது. அடியில் முளைத்த தட்டுக் காளான்கள், தண்டில் நீளவாக்கில் ஓடும் பிளவு, பொந்து, கறையான் புற்று, காய்ந்த நுனிக்கிளைகள் ஆகியனவும் எச்சரிக்கைகளே.

நன்கு முற்றி உறுதிப்பட்ட மரத்தை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பது தமிழ் மரபு. அந்த வைரப் பகுதியே அழுகிப்போனால் மரம் உள்ளே குழாய் போல் ஆகிவிடும். மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது முரசு போல் ஒலி எழுந்தால், உள்ளே வெற்றிடம் இருக்கலாம். எல்லாப் பொந்து மரங்களும் விழுந்துவிடுவதில்லை. ஜெர்மானிய அறிஞர் கிளவுஸ் மத்தெக் விழுந்த மரங்களையும் நிற்கும் மரங்களையும் அளந்து ஒப்பிட்டு ஒரு பொதுவிதியைக் கூறினார். எஞ்சியுள்ள நல்ல மரச்சுவரின் தடிப்பு, தண்டின் ஆரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் முறியும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே அது. எடுத்துக்காட்டாக, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டின் ஆரம் 30 சென்டிமீட்டர். அதில் நல்ல மரச்சுவர் 9 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் கவனம் தேவை.

எனினும், கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் ஒரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. 40 மீட்டர் உயரமும் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதும் கொண்ட மரபுடைமை மரம் அது. அதனடியில் சிக்கிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். அம்மரம் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கப்பட்டு வந்தது. விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த பரிசோதனையில் நலமாக இருப்பதாகவே கருதப்பட்டது.

2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரமொன்று புயல் மழையில் விழுந்தது. ஒருவர் மாண்டார், 17 வாகனங்கள் சேதமடைந்தன, மோனோரயில் சேவையும் தடைபட்டது. பரபரப்பான சாலையில் ஒரு மரம் விழுந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று. ஆகவே, அறிகுறி தெரிந்துவிட்ட மரத்தைக் கண்டும் காணாமல் விடுவது தவறு. அதுபோலவே, ஆராயாமல் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தவறு.

மரத்திற்குள் உறங்கும் விசை

‘ஆப்பசைத்த குரங்கு போல’ என்பது தமிழில் வழங்கும் உவமைத்தொடர். தச்சர்கள் பாதி பிளந்து, ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தின் மேல் ஒரு குரங்கு அமர்ந்தது. ஆப்பைப் பிடுங்கியது. விரிந்திருந்த மரம் சட்டென மூடிக்கொள்ள, குரங்கு அதில் சிக்கி மாண்டது. இது கதைதான். ஆனால், இதில் ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது. வளைக்கப்பட்ட அல்லது விரிக்கப்பட்ட மரம் தன் பழைய நிலைக்குத் திரும்பும் விசையைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது.

ஒரு ரோத்தான் பிரம்பை வில் போல் வளைத்துப் பார்த்தால் இது விளங்கும். வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது; உட்பக்கம் அமுங்குகிறது. பிடியை விட்டதும் பிரம்பு விருட்டென நிமிர்கிறது. புயலில் வளைந்து, வேறொரு மரத்தின் அடியில் சிக்கிக்கொண்ட கிளையும் அப்படித்தான். இழுபட்ட பக்கத்தை அறியாமல் வெட்டினால் அது வெடித்துப் பிளந்து வெட்டுபவரைத் தாக்கும். அமுங்கிய பக்கத்தில் ஆழமாக வெட்டினால் ரம்பம் இறுகச் சிக்கிக்கொள்ளும். பயிற்சி பெற்றவர்கள் முதலில் இழுவிசை எந்தப் பக்கம், அமுக்கவிசை எந்தப் பக்கம் என்று ஆராய்வர். பின்னர், அமுங்கிய பக்கத்தில் ஆழமில்லாத ஒரு வெட்டு இட்டு, அதன்பின் இழுபட்ட பக்கத்தில் சிறிது சிறிதாக வெட்டி விசையைத் தணிப்பர். அவர்கள் நிற்பதும் கிளை சீறிப் பாயும் திசைக்குப் பக்கவாட்டில்தான்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இந்த விசை இன்னும் பெரியது. பல டன் மண்ணைப் பற்றிய வேர்த்தட்டு சுவர் போல் எழுந்து நிற்கும். அதைச் சாய்ந்த நிலையில் பிடித்து வைத்திருப்பது தண்டின் எடையே. தண்டை வெட்டியதும் அந்தப் பிடி விலகுகிறது. அப்போது வேர்த்தட்டு மூடி கவிழ்வது போல் பழைய குழிக்குள் விழக்கூடும். அந்தக் குழியில் ஒருவர் நின்றிருந்தால் தப்ப நேரம் இராது. விழுந்த மரத்தின் வேர்க்குழி சிறுவர்களுக்கு விளையாட்டு இடமாகத் தோன்றலாம். அது ஒருபோதும் விளையாடும் இடமன்று.

முறிந்தும் விழாமல் மேலே தொங்கும் கிளையும் இதே வகையைச் சேர்ந்தது. ஆங்கிலம் பேசும் மரவெட்டிகள் அதனை ‘விதவையாக்கி’ எனப் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கிளை ஒன்றரை வினாடிக்குள் தரையை அடைந்துவிடும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஓசை கேட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெட்டும் முன் செய்ய வேண்டியவை

‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இப்பணிக்கு மிகவும் பொருந்தும். மரம் வெட்டும் குழுவினர் ரம்பத்தை இயக்கும் நேரத்தைவிட, மரத்தைச் சுற்றி வந்து பார்க்கும் நேரத்திற்கு முதன்மை தர வேண்டும்.

முதலாவது, அனுமதி. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையில் உள்ள 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172), 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரத் தரப்பின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது. 0.8 மீட்டர் சுற்றளவு என்பது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விட்டம். பட்டுப்போன அல்லது பட்டுக்கொண்டிருக்கும் மரத்திற்கும், உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டப்படும் மரத்திற்கும் இச்சட்டம் விலக்கு அளிக்கிறது. மரங்களைக் காப்பதும் மனிதர்களைக் காப்பதும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. சாலையோர மரமாயின் அப்பகுதியின் மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ அதற்குப் பொறுப்பேற்கும்.

இரண்டாவது, மின்கம்பி. கிளையொன்று மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த மரத்தை யாரும் நெருங்கக் கூடாது. ஈரமான மரம் மின்சாரத்தைக் கடத்தும். சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பாயக்கூடும். தெனாகா நேஷனல் நிறுவனத்தின் 15454 என்னும் எண்ணுக்குத் தகவல் தந்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு எல்லை. மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்குள் பணியாளர் தவிர வேறு எவரும் இருக்கக் கூடாது. மரம் 20 மீட்டர் உயரமாயின் சுற்றிலும் 40 மீட்டர் தூரம் காலியாக இருக்க வேண்டும். விழும் மரம் வேறொரு மரத்தைத் தள்ளலாம். ஒடிந்த கிளை எகிறித் தெறிக்கலாம். எனவேதான் இரு மடங்கு என்னும் கணக்கு. கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக மக்கள் கூடி நிற்பது இவ்விதியை மீறும் செயலாகும்.

நான்காவது, தப்பும் வழி. மரம் விழப்போகும் திசைக்கு நேர் எதிரே ஓடுவது பாதுகாப்பானது என்று பலர் எண்ணுவர். அது தவறு. மரம் விழும்போது அதன் அடிப்பகுதி துள்ளிப் பின்னோக்கி வரலாம். ஆதலால், விழும் திசைக்குப் பின்புறமாகச் சாய்கோணத்தில், ஏறத்தாழ 45 பாகையில், இடமும் வலமும் இரண்டு வழிகளை முன்கூட்டியே ஒழுங்குசெய்வர். அவ்வழிகளில் கொடி, கல், கிளை எதுவும் இல்லாதவாறு அகற்றுவர். காலில் ஒரு கொடி சிக்கினாலும் அந்த ஒரு நொடி உயிரைப் பறித்துவிடலாம்.

ஐந்தாவது, உடைமைகள். தலைக்கவசம், முகத்திரை, செவிக்காப்பு, கையுறை, உறுதியான காலணி, ரம்பத்தின் வெட்டைத் தடுக்கும் சிறப்புக் காற்சட்டை ஆகியவை கட்டாயம் தேவை. பேச்சு வழக்கில் ‘செயின்சோ’ எனப்படும் சங்கிலி ரம்பத்தின் பற்கள் வினாடிக்கு 20 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடக்கூடியவை. ரம்ப நுனியின் மேற்பகுதி மரத்தில் இடித்தால், ரம்பம் வெட்டுபவரின் முகத்தை நோக்கித் துள்ளி எழும். தனியாக இப்பணியில் ஈடுபடுவதும் கூடாது. ஒருவர் வெட்டும்போது மற்றொருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று மரத்தின் உச்சியைக் கவனிக்க வேண்டும்.

கீல் என்னும் இரகசியம்

நலமான, நேரான மரத்தை வீழ்த்துவதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில், மரம் விழ வேண்டிய பக்கத்தில் தர்ப்பூசணித் துண்டு போன்ற ஒரு முக்கோண வெட்டு இடப்படும். இதன் ஆழம் தண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இருக்கும். பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு தொடங்கும். ஆனால், இவ்விரு வெட்டுகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இடையே ஒரு பட்டை அளவு மரத்தை வெட்டாமல் விட வேண்டும். இதுவே மூன்றாவதும் மிக முக்கியமானதுமான படி.

கதவு கீலைப் பற்றிக்கொண்டு திரும்புவது போல், மரம் அந்தப் பட்டையைப் பற்றிக்கொண்டு மெல்லச் சாய்கிறது. ஆகவே, அதனைக் ‘கீல்’ என்கின்றனர். பொதுவாக அதன் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தில் முன்வெட்டு 12 முதல் 15 சென்டிமீட்டர். கீல் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். மரம் எந்தத் திசையில் விழ வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இந்த 6 சென்டிமீட்டர்தான். அவசரத்தில் கீலையும் அறுத்துவிட்டால், மரம் தன் விருப்பப்படி விழும்.

பழுதுபட்ட மரத்தில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே அழுகிய மரத்தில் கீலாக நிற்பதற்கு நல்ல மரமே இராது. பட்டுக் காய்ந்த மரத்தின் கீல் வளையாமல் ‘மடக்’கென ஒடிந்துவிடும். முன்னோக்கி அதிகம் சாய்ந்த மரத்திலோ வேறோர் ஆபத்து உண்டு. பின்வெட்டு முடிவதற்கு முன்பே மரம் விழத் தொடங்கும். தண்டு நீளவாக்கில் மேல்நோக்கிப் பிளக்கும். பிளந்த பின்பாதி உயர எழுந்து வெட்டுபவரைத் தாக்கும். முடிதிருத்தும் கடையில் சாயும் நாற்காலியின் தோற்றத்தை நினைவூட்டுவதால், மரவெட்டிகள் இதற்கு அந்நாற்காலியின் பெயரையே சூட்டியுள்ளனர்.

இதைத் தவிர்க்கத் தேர்ந்த பணியாளர்கள் வேறு முறையைக் கையாளுவர். முன்வெட்டு இட்டபின், ரம்பத்தின் நுனியைத் தண்டின் பக்கவாட்டில் செலுத்தி நடுப்பகுதியை அறுப்பர். முன்னே கீலும் பின்னே ஒரு பிடிப்பட்டையும் எஞ்சி நிற்கும். எல்லாம் சரியாக உள்ளதா என்று பார்த்த பின், கடைசியாகப் பிடிப்பட்டையை வெட்டிவிட்டு உடனே விலகுவர். இம்முறையால், மரம் எப்போது விழ வேண்டும் என்பதை வெட்டுபவரே முடிவு செய்ய முடிகிறது.

மரம் மிகவும் பலவீனமாக இருந்தால் அடியில் வெட்டும் முயற்சியே கூடாது. அதில் ஏறுவதும் கூடாது. ஏறுபவரின் எடையையும் அசைவையும் அது தாங்காமல் போகலாம். அப்போது கூடை பொருத்திய தூக்கி வாகனத்தில் நின்று, உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் கட்டியோ பாரந்தூக்கியின் துணையுடனோ இறக்குவர். ஒவ்வொரு துண்டும் அற்பமானதன்று. 60 சென்டிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு ஏறக்குறைய கால் டன் எடை இருக்கும். ஆகவே, எதை முதலில் வெட்டுவது, அதை எங்கே இறக்குவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்படும். ஒரு பக்கக் கிளைகளை மட்டும் அகற்றினால் எடை மறுபக்கம் கூடி மரம் கவிழும் என்பதையும் கணக்கில் கொள்வர்.

சில வேளைகளில் வெட்டப்பட்ட மரம் தரைக்கு வராமல் அடுத்த மரத்தில் சாய்ந்து தொங்கும். அதைத் தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவதும், தொங்கும் மரத்தின் கீழே சென்று வேலை செய்வதும் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். அதன் அடிப்பகுதியில் வடக்கயிற்றைப் பிணைத்து, இழுக்கும் பொறியால் தொலைவிலிருந்து இழுத்துக் கீழே கொண்டுவருவதே முறை. அதுவரை அந்த இடத்தில் தடுப்பும் காவலும் இருக்க வேண்டும்.

வெட்டுவது மட்டும்தான் வழியா?

ஆபத்தான மரம் என்றதும் வெட்டிவிட வேண்டும் என்று முடிவெடுப்பதும் சரியன்று. மழை வருமுன் இலைகளைக் கூப்பும் மழைமரத்தை மலாய் மக்கள் ‘பொக்கோக் புக்குல் லீமா’ என்பர். அதாவது, மாலை ஐந்து மணி வாக்கில் இலை மூடும் மரம். தமிழர் அதனைத் தூங்குமூஞ்சி மரம் என்பர். இரு சமூகத்தாரும் பெயர் சூட்டி மகிழ்ந்த அத்தகைய மரம் நிழல் பரப்ப அரை நூற்றாண்டுக்கும் மேலாகலாம். வெட்டிச் சாய்க்க அரை நாள் போதும். 2021 முதல் 2025 வரை பத்துக் கோடி மரங்களை நடும் இயக்கத்தை நம் நாடு மேற்கொண்டது. நடுவது ஒரு கடமை என்றால், நட்டதை முறையாகப் பேணுவது அதனினும் பெரிய கடமை.

மரத்தை ஆராயும் வல்லுநர், பழுதான கிளைகளை மட்டும் நீக்கலாம். பிளவுபட்ட கவையைக் கம்பி வடத்தால் பிணைக்கலாம். மரத்தடியில் உள்ள இருக்கைகளையும் வாகன நிறுத்தத்தையும் வேறிடத்திற்கு மாற்றலாம். ஆளில்லாத திடலில் நிற்கும் பொந்து மரமும், பள்ளி வாயிலில் நிற்கும் பொந்து மரமும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. மரத்தின் நிலையோடு, அது விழுந்தால் அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். எந்த வழியும் பயன்தராதபோது மட்டுமே மரத்தை வீழ்த்துவது முறையாகும். வீழ்த்திய இடத்திற்கு அருகில், மின்கம்பிக்கும் கால்வாய்க்கும் இடையூறில்லாத வகையில், ஏற்ற மரக்கன்று ஒன்றை நடுவதோடுதான் அப்பணி நிறைவு பெறுகிறது.

மாணவர்களின் பங்கு

மரத்தை வெட்டுவது மாணவர்களின் பணியன்று; வார இறுதியில் ரம்பத்தை இரவல் வாங்கி வரும் வீட்டுப் பெரியவர்களின் பணியும் அன்று. எனினும், மாணவர்கள் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் புதிதாகச் சாய்ந்த மரத்தையோ தொங்கும் கிளையையோ முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. பார்த்ததும் விலகி நிற்க வேண்டும். பிறரையும் விலக்க வேண்டும். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தெரிவித்து, உள்ளூராட்சி மன்றத்திற்குத் தகவல் சேரும்படி செய்யலாம். மரம் விழுந்து எவரேனும் சிக்கியிருந்தால் 999 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். இடத்தின் பெயர், அருகில் உள்ள அடையாளம், சிக்கியவர்களின் எண்ணிக்கை, மின்கம்பி அறுந்துள்ளதா என்பது ஆகியவற்றைத் தெளிவாகக் கூறினால் தீயணைப்பு மீட்புப் படையினர் ஏற்ற கருவிகளோடு வருவர்.

புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால், புயல் அடித்த பிறகு நேரும் இழப்புகளுள் பல, மனிதனின் அவசரத்தால் நேர்பவை. சாலையை உடனே திறக்க வேண்டும், கூரையின் மேல் கிடக்கும் மரத்தை இன்றே அகற்ற வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதே. அடைபட்ட சாலை சில மணி நேரம் காத்திருக்கும். உடைந்த கூரையை மீண்டும் வேயலாம். போன உயிரை மட்டும் திரும்பப் பெற முடியாது. சாய்ந்த மரத்தைக் கண்டால் ஓரடி பின்வாங்கி, நன்கு பார்த்து, தெரிந்தவரை அழைப்பதே அறிவுடைமை.